ஆணி முறியாது, மாமி

கழுத்தைத் தொடாமலே கழுத்துக்கு ஆணி பூட்டுகிற தொழில் என்னுடையது.

மண்டையோட்டுக்குக் கீழே இருக்கிற முதல் இரண்டு எலும்புகள்தான் தலையைத் தாங்குவதும் திருப்புவதும். விழுந்தெழும்பியோ வருத்தம் வந்தோ அவை ஆட்டம் கண்டால், சத்திரசிகிச்சை செய்கிற டொக்டர் பின்பக்கமாக நாலு ஆணியும் இரண்டு கம்பியும் பூட்டி இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார். அந்த ஆணி ஒரு ஆளுக்குள் போக முன்னம் கணினிக்குள் இருக்கிற கழுத்துக்குள் போகும். அந்தக் கழுத்தை இழுத்து, வளைத்து, திருகி, ஆணி தாங்குமா என்று பார்த்து அறிக்கை எழுதுவது நான். யாழ்ப்பாணத்தில் ஒரு மாபிள் கடைக்கு மேல்மாடியில் இருந்துகொண்டு, வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்காகச் செய்கிறேன். நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் கழுத்துப் பிடித்துப்போன சகோதரங்களே, இது உங்களுக்குத்தான். சிரிக்க வந்தால் சிரியுங்கோ. எனக்கு இதை எழுதவே முகம் சுடுகிறது.

ஒழுங்கைக்கு ஒரு டொக்டர்

"மகள் என்ன செய்யிறா?" என்று யாராவது கேட்டால் அம்மா, "கழுத்துக்கு வேலை செய்யிறா" என்பா. அவ்வளவுதான். கொழும்புத்துறையில் எங்கள் ஒழுங்கை முழுக்க நான் கழுத்து டொக்டர். முதலில் இரண்டு மூன்று தரம் மறுத்துச் சொன்னேன். பிறகு விட்டுவிட்டேன். விட்டது அலுப்பில் என்று இவ்வளவு காலமும் சொல்லிவந்தேன். உண்மையில் அது எனக்கு இனித்தது.

ஒருநாள் முன்வீட்டு மலர் அக்கா கழுத்தைச் சரித்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தா. நான் என்ன செய்திருக்க வேண்டும்? "அக்கா, நான் பொறியியல் படிச்சனான், ஆசுப்பத்திரிக்குப் போங்கோ" என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பின்கழுத்தில் இரண்டு விரலை வைத்து அமத்தி, "ம்ம்" என்றேன். அந்த "ம்ம்"முக்கு ஒரு அர்த்தமும் இல்லை, சத்தியமாக. தலகணியை மாற்றிப் படுங்கோ என்றேன். அக்கா எழும்பிப் போகும்போது அம்மாவிடம் சொன்னது இன்னும் காதுக்குள் நிற்கிறது.

"மற்ற டொக்டர்மார் ஆயிரம் கேள்வி கேப்பினம், உங்கடை பிள்ளை தொட்ட உடனயே கண்டுபிடிச்சிட்டா!"

துரை

எங்கள் கணினிக்குள் இருக்கிற கழுத்து ஒரு வெளிநாட்டு ஆம்பிளையுடையது. பெயர் தெரியாது, ஒரு இலக்கம் மட்டும் உண்டு. நல்ல திறமான எலும்பு. என்னோடு வேலை செய்கிற கோப்பாய்ச் சுதன் அதற்குத் "துரை" என்று பெயர் வைத்து, காலமையில் கணினியைப் போட்டவுடன் வணக்கமும் சொல்லுவான்.

ஒருமுறை கொம்பனியிடமிருந்து கேள்வி வந்தது. வயது போன, எலும்பு மெலிந்த பெண்களுக்கும் இந்த ஆணி சரிவருமா? புதிதாக ஒரு கழுத்துச் செய்வதென்றால் மாதக்கணக்கில் வேலை. கொம்பனிக்காரரோ கிழமைக் கடைசிக்குள் பதில் கேட்கிறார்கள். நான் என்ன செய்தேன்? துரையையே கொஞ்சம் சின்னனாக்கினேன். அளவு குறைந்ததே தவிர எலும்பு அதே திறமான எலும்புதான். ஆணி தாங்கியது, தாங்காமல் என்ன செய்யும்! "பெண் மாதிரி: திருப்தி" என்று எழுதினேன். எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற சுதன் ஒரு மரியாதைக்காவது வாயை மூடியிருக்கலாம்.

"அக்கா, துரைக்குச் சீலையைச் சுத்திவிட்டிட்டு மாமி எண்டு சொல்லுறியள்."

அவனை ஏசிவிட்டு அனுப்பு பொத்தானை அமத்தினேன்.

எனக்கே பிடித்தது

அந்தக் கிழமையே எனக்குக் கழுத்துப் பிடித்தது. இடப்பக்கம் திரும்ப ஏலவில்லை. வெட்கத்தை விட்டு உடற்பயிற்சிச் சிகிச்சைக்குப் போனேன். அங்கே இருந்த பெண்ணுக்கு என்னிலும் வயது குறைவு. சும்மா இருக்க மாட்டாமல் என் தொழிலைச் சொன்னேன், படமும் கைபேசியில் காட்டினேன்.

அவ வடிவாகப் பார்த்தா. "இதிலை தசை எங்கை?" என்றா. தசை போடுவதில்லை, போட்டால் கணக்கு நீண்டுவிடும் என்றேன். "நரம்பு?" அதுவும் இல்லை. "நோவு?" அவ என் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினா. கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

"உங்கடை கம்பியூட்டர் ஆளுக்கு உடம்பே இல்லைப் போல கிடக்கு, மிஸ். குடுத்து வைச்சவர்."

மாமி கேட்டது

இதுவரைக்கும் சிரித்தீர்கள் அல்லவா? இனிச் சிரிக்க ஒன்றும் இல்லை.

தெய்வானை மாமி என் அப்பாவின் தங்கச்சி. கரையில் மீனை எடுத்துக் கடகத்தில் போட்டுத் தலையில் வைத்துக்கொண்டு சந்தைக்கு நடப்பா. பிடிக்காமலே நடப்பா, கை இரண்டும் வீசிக்கொண்டு வரும். போன மாரியில் கரையில் வழுக்கி விழுந்து, மேல்கழுத்தின் இரண்டாவது எலும்பு முறிந்துபோனது. ஆணி பூட்டினார்கள். மூன்று மாதத்துக்கு ஒன்றும் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லி விட்டிருந்தார்.

இரண்டாம் மாதம், கழுத்துப் பட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தா. மலர் அக்காவும் இன்னும் இரண்டு பெண்களும் இருந்தார்கள். மாமியின் சந்தை இடத்தில் வேறொருத்தி இருந்து விற்கத் தொடங்கிவிட்டாளாம். இன்னும் ஒரு மாதம் போனால் அந்த இடம் கையை விட்டுப் போய்விடும் என்ற பயம் மாமிக்கு. "உன்ரை ஆணிதானே பிள்ளை உள்ளை கிடக்கு. கடகம் வைச்சால் தாங்குமோ?" என்றா.

அது என்னுடைய ஆணியோ என்று எனக்குத் தெரியாது. எந்தக் கொம்பனி ஆணி என்றுகூடத் தெரியாது. துரையின் தலையில் நான் ஒருநாளும் கடகம் வைத்துப் பார்த்ததில்லை, தலையின் பாரத்தை மட்டும்தான் வைத்திருக்கிறேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. மூன்று பெண்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். "மாமி, உந்த ஆணி முறியாது. நான் எத்தினை தரம் இழுத்துப் பாத்திருக்கிறன்!" என்றேன். மாமியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். அப்படியே மற்றவர்கள் பக்கம் உடம்போடு திரும்பினா.

"கேட்டியளே? செய்தவளே சொல்லுறாள். பேந்தென்ன பயம்!"

முறியவில்லை

கடகத்தைத் திரும்பத் தலையில் ஏற்றி இரண்டு கிழமையில் மாமிக்குக் கை விறைக்கத் தொடங்கியது. பிடரியில் குத்து. அப்பா கடலுக்குப் போயிருந்தபடியால் நான்தான் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன்.

எக்ஸ்ரேயைப் பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. ஒரு ஆணியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். "ஆணி முறியேல்லை அம்மா, ஆணி நல்லாத்தான் இருக்கு. எலும்புதான் பிடி விட்டிட்டுது. எலும்பு பொருந்த முன்னம் பாரம் ஏத்தியிருக்கிறியள்" என்றார் டொக்டர். இளம் பெடியன், பொறுமையான ஆள். அவர் சொல்லத் தேவையில்லை. எங்கள் கணினியில் அதற்கென்றே ஒரு கட்டளை உண்டு: எலும்பும் ஆணியும் ஒட்டியிருக்கும், ஒருநாளும் பிரியாது. பிரியலாம் என்று விட்டால் கணக்கு மூன்று நாள் ஓடி, கடைசியில் நின்றும் போகும். ஆகவே ஒட்டிவிடுவேன். எத்தனையோ அறிக்கையில் ஒட்டிவிட்டிருக்கிறேன். என்னுடைய ஆணிகள் கழலாதது அதனால்தான்.

நான் எக்ஸ்ரேயையே பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு, "நீங்கள் என்ன வேலை?" என்று கேட்டார். ஊருக்கெல்லாம் கழுத்து என்று சொல்லித் திரிகிற நான், "கம்பியூட்டர் வேலை" என்றேன். அவர் மாமியிடம் திரும்பி, "தூக்கலாமெண்டு ஆர் சொன்னது?" என்றார். நான் மாமிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன். வாயைத் திறக்க வேண்டியது நான். திறக்கவில்லை. ஐயோ, திறக்கவே இல்லை. மாமிதான் திறந்தா.

"ஒருத்தரும் சொல்லேல்லை ஐயா. எனக்குத்தான் விசர்."

சந்தையில்

மறுபடி வெட்டினார்கள். இந்த முறை இன்னொரு எலும்பையும் சேர்த்துப் பூட்டியதால் முந்தியிருந்த திரும்பலும் போய்விட்டது. கை விறைப்பு மாறியது, அதுவே பெரிய காரியம் என்றார் டொக்டர். கடகம் இனி மாமியின் தலைக்கு இல்லை. சந்தை இடம் எப்படியோ கிடைத்தது. அப்பா மீனைக் கொண்டுபோய் இறக்கிவிட, மாமி பலகையில் இருந்து விற்கிறா.

நான் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்பதற்கு நாலு தரம் வெளிக்கிட்டு நாலு தரமும் வேறு கதை கதைத்துவிட்டு வந்தேன். கொம்பனிக்கு எழுதுவது சுகமாக இருந்தது. பெண் மாதிரி பிழை, ஆணி பிடி விடுவதையும் பார்க்கவில்லை, திருப்பிச் செய்ய வேண்டும் என்று எழுதினேன். அவர்கள் நன்றி சொல்லி இரண்டு வரியில் பதில் போட்டார்கள். சுதன் துரைக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டான்.

பிறகு ஒரு சனிக்கிழமை சந்தைக்கே போனேன். நல்ல சனம். மாமி குனிய மாட்டாமல் பலகையை நெஞ்சளவுக்கு உயர்த்திவைத்து ஒரு ஒட்டி மீனை உரித்துக்கொண்டிருந்தா. நான் பக்கத்தில் போய் நின்று, காதுக்குள் சொல்வது மாதிரி, "மாமி, அண்டைக்கு நான் சொன்னது பிழை. எனக்குத் தெரியாமல்தான் சொன்னனான். டொக்டருக்கு முன்னாலையும் பேசாமல் நிண்டிட்டன்" என்றேன். மீன் வாங்க நின்ற ஒரு பெண் என்னைத் திரும்பிப் பார்த்தா. மாமி கத்தியை வைத்தா. கோபப்படுவா என்று நினைத்தேன், அழுவா என்றும் நினைத்தேன். அவ நேரே பார்த்தபடியே சொன்னா.

"முன்னுக்கு வந்து நிண்டு சொல்லு பிள்ளை. பக்கத்திலை நிண்டு சொன்னால் எனக்குத் திரும்பிப் பாக்க ஏலாது."

போனேன், அத்தனை சனத்துக்கும் முன்னால் நின்று முதலிலிருந்து சொன்னேன். கணினிக்குள் துரையின் கழுத்தை நான் திருகின தரம் கொஞ்சநஞ்சமில்லை, ஒருதரமாவது அவர் என்னை இப்படி முன்னுக்குக் கூப்பிட்டிருந்தால் நான் எப்போதோ ஒழுங்காக வேலை பழகியிருப்பேன்.