காளானின் கால்

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவியைக் கொல்லப் பார்த்தேன். காளான் கொடுத்து.

கோபம் ஒன்றும் இல்லை. ஆசையாகத்தான்.

புஷ்பத்துக்கு மஞ்சள் காமாலை வந்து இரண்டு மாதம் ஆகிறது. கண்ணில் மஞ்சள் போய்விட்டது. ஆனால் ஈரல் இன்னும் தேறவில்லை என்கிறார் டாக்டர். கஞ்சி, மோர், வேக வைத்த காய். அதையும் பாதியில் தள்ளி வைத்துவிடுவாள். ஆளும் பாதியாகிவிட்டாள்.

அன்று சர்ச்சில் பூசை முடிந்து வந்தவள் கட்டிலில் உட்கார்ந்தபடி சொன்னாள்.

"என்னங்க, நேத்து சாயங்காலம் நல்லா இடி இடிச்சுதுல்லா. காளான் மொளச்சிருக்கும். ரெண்டு வாய் சாப்பிடணும் போல இருக்கு."

இரண்டு மாதத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள். விடுவேனா?

கேரளத்தில் ஏலப்பாறைக்கு மேலே எங்கள் எஸ்டேட். தேயிலைக்கு நடுவில் பழைய கரையான் புற்று ஒன்று உண்டு. இடி மழைக்கு மறுநாள் அதைச் சுற்றிக் காளான் குடை விரித்து நிற்கும். நேற்று வரை மிதித்து மிதித்து இறுகிய மண். இன்று அதைப் பிளந்துகொண்டு ஒரு வெள்ளைக் கூட்டம். எத்தனை வருஷம் பார்த்தாலும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் குனிவேன்.

நான் முப்பது வருஷம் கவாத்து வெட்டினவன். தேயிலைச் செடியை ஒரே மட்டமாக வெட்டும் வேலை. சூப்பர்வைசர் கம்பு வைத்து அளப்பார். ஒரு கிளை ஏறக்கூடாது, இறங்கக்கூடாது. அந்தக் கை காளானையும் அப்படித்தான் வெட்டும். தரையோடு ஒட்டி, ஒரே வீச்சு. மண் ஒட்டாது, கழுவுவது சுலபம்.

ஒரு பேசின் நிறையக் கொண்டுவந்தேன். பைப்படியில் வைத்து மஞ்சள் தூள் கரைத்த தண்ணீரில் போட்டேன். நிறம் மாறினால் விஷம் என்பார்கள். மாறவில்லை. போதாதா?

பக்கத்து வீட்டு பூல்மணி குடத்தோடு வந்தாள். ஜார்க்கண்ட் பெண். கொழுந்து எடுக்க வந்து மூன்று வருஷம். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாள் – அதுவும் கொஞ்சம்தான். குடத்தை வைத்துவிட்டு ஒரு காளானை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினாள்.

"அண்ணா, இதுக்குக் கால் எவிடே?"

"தரையோட வெட்டியாச்சு. அது மண்ணுக்குள்ள கெடக்கு."

"கால் இல்லாம எப்படித் தெரியும்?"

மஞ்சள் தண்ணீரைக் காட்டினேன்.

"மஞ்சளுக்கு என்ன தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. "நீ பொறக்கதுக்கு முன்னால இருந்து திங்குதேன், பிள்ள."

அவள் சண்டைக்கு வரவில்லை. இடத்தைக் காட்டு என்றாள். புஷ்பம் வாசலில் இருந்து, "போய்க் காட்டுங்க. கொறஞ்சா போயிருவீங்க?" என்றாள்.

போனேன்.

பூல்மணி என் கத்தியை வாங்கிக்கொண்டாள். நான் வெட்டிய காளானின் அடித்தண்டு ஒன்று மண்ணில் தெரிந்தது. அதைச் சுற்றித் தோண்டினாள். தண்டு முடியவில்லை... எலி வால் மாதிரி மெலிந்து கீழே போய்க்கொண்டே இருந்தது. முழங்கை ஆழம் போன பிறகு, கைப்பிடி அளவில் பஞ்சு மாதிரி ஒரு கூடு. அதில் கரையான்கள். காளான் அந்தக் கூட்டில் இருந்துதான் எழுந்து வந்திருக்கிறது. கரையான் போட்ட தோட்டம் அது. எங்கள் எஸ்டேட்டுக்கு அடியில் இன்னொரு எஸ்டேட். முப்பது வருஷம் அதன் மேல் நடந்திருக்கிறேன். ஒரு நாள் பார்த்ததில்லை.

இரண்டு எட்டு தள்ளி இன்னொரு அடித்தண்டு. அதையும் தோண்டினாள். விரல் ஆழத்திலேயே முடிந்துவிட்டது. வேர் இல்லை. அடி உருண்டையாக இருந்தது. அதைச் சுற்றிக் கிழிந்த வெள்ளைத் தோல் – முட்டை ஓட்டை உடைத்துக்கொண்டு வந்த மாதிரி.

பூல்மணி கையை இலையில் அழுத்தித் துடைத்தாள்.

"எங்க ஊர்ல காலுக்கு இப்படி கப்பு மாதிரி தோல் இருந்தா தொட மாட்டோம். ஆள் போகும், அண்ணா."

ஏழு தோண்டினோம். இரண்டு அப்படி.

ஒரே மழை. ஒரே மண். ஒரே வெள்ளை. மேலே பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி நிற்கின்றன. பேசினில் கிடப்பவற்றில் அந்த இரண்டு எவை? எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அடையாளம் எல்லாம் மண்ணுக்குள் இருந்தது – நான் அதை விட்டுவிட்டுத் தலைகளை மட்டும் அழகாக ஒரே மட்டத்தில் வெட்டி வந்திருந்தேன்.

முப்பது வருஷமாகத் தப்பித்து வந்திருக்கிறேன். அதைத்தான் அனுபவம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

புற்றின் மறுபக்கத்தில் நான் வெட்டாத நாலைந்து நின்றன. புஷ்பத்தின் முகம் ஞாபகம் வந்தது.

"இதையாவது தோண்டி எடுப்போமா? நீயும் கொஞ்சம் கொண்டு போ."

"வேண்டாம், அண்ணா. நான் இங்க காட்டுக் காளான் திங்க மாட்டேன்."

"ஏன்? ஒனக்குத்தான் எல்லாம் தெரியுதே."

"எங்க ஊர்க் காடு தெரியும். இந்தக் காடு தெரியாது."

அவள் ஊரில் மழைக்காலம் முழுக்கக் காளான்தானாம். இங்கே மூன்று மழைக்காலம் இதே வழியாகக் கொழுந்துக்குப் போயிருக்கிறாள். வாய் ஊறாமலா இருந்திருக்கும்? ஒன்றைக்கூடத் தொடவில்லை. அந்த நாலைந்தையும் தொடாமல் திரும்பினேன்.

பேசினில் இருந்ததைக் குழி வெட்டிப் புதைத்தேன். ஆடு மாடு வாய் வைத்துவிடக் கூடாது. புஷ்பத்திடம் நடந்ததை இரண்டு வரியில் சொன்னேன்.

"முப்பது வருஷமா என் கையாலல்லா ஆக்கிப் போட்டிருக்கேன். பிள்ளைகளுக்கும்."

நான் பேசினைக் கழுவிக் கவிழ்த்தேன்.

"கஞ்சிய ஊத்துங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனைக்குப் போனோம். டாக்டரிடம் மறைக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார்.

அந்த விஷம் வேக வைத்தாலும் போகாதாம். மஞ்சள், பூண்டு, வெள்ளிக் காசு – எதுவும் அதைக் காட்டிக் கொடுக்காதாம். சாப்பிட்டு அரை நாள் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி, பேதி. அதுவும் நின்றுபோகும். சரியாகிவிட்டது என்று ஆள் எழுந்து நடப்பான். அந்த நேரத்தில்தான் உள்ளே ஈரல் போய்க்கொண்டிருக்கும். ஆகவே சந்தேகமான காளானைத் தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். மிச்சக் காளான் இருந்தால் அதையும் கையோடு கொண்டுவர வேண்டும். சொல்லிவிட்டு ஒரு தடவை புஷ்பத்தைப் பார்த்தார், ஒரு தடவை என்னைப் பார்த்தார்.

"நல்ல ஈரலே தாங்காது."

நான் தரையைப் பார்த்தேன்.

ரிசல்ட் வந்தது. போன தடவையைவிட நன்றாக இருந்தது. டாக்டர் முகம் தெளிந்தது.

"இனி கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் சாப்பிடலாம், சேச்சி. என்ன வேணும்னு கேளுங்க, சேட்டன் கொண்டுவந்து தருவார்."

புஷ்பம் அவசரப்படவில்லை. முந்தானையைச் சரி செய்துகொண்டு சொன்னாள்.

"கடையில விக்கிறது எதுவானாலும் சரி, டாக்டர்."