முள் திறந்த நேரம்

பள்ளிக்கூடம் மூடி மூன்றாவது மாதம் அம்மா எங்கள் வகுப்பு டீச்சருக்குப் போன் செய்தாள். பாடம் எப்போது தொடங்கும் என்று கேட்பதற்காக அல்ல. என்னை எப்போது திரும்ப எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்பதற்காக.

"சின்னவனக் கூட சமாளிச்சிடலாம் டீச்சர். ஒரு பந்தக் குடுத்தா கொல்லையில கெடக்கறான். இவள வச்சிக்கினு ஒரே பேஜாரா கீது. விடிஞ்சா எழுந்து கேள்வி கேட்டுக்கினே கீறா. கொரோனாவுக்குக் கண்ணு கீதா, அது எந்த ரோட்டுல வரும்னு. எனக்கு இன்னா தெரியும்? எதனா ஒரு வேல குடுத்து ஒக்கார வைங்க."

அப்போது எனக்குப் பதினொரு வயது. தேர்வு எழுதாமலேயே ஏழாம் வகுப்புக்கு வந்திருந்தேன். அம்மா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதே நிலைதான். முதல் மாதம் பிள்ளைகள் வீட்டில் இருப்பது திருவிழா மாதிரி இருந்தது. இரண்டாவது மாதம் அடி விழுந்தது. மூன்றாவது மாதம் பெரியவர்கள் அடிப்பதிலும் சலித்துப்போனார்கள்.

டீச்சரும் தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்திருந்தார். உத்திரமேரூரில் தன் வீட்டிலிருந்து குரல் பதிவு அனுப்பினார். கணக்கைத் தாளில் போட்டுப் படம் எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். இருபத்திரண்டு பிள்ளைகளில் பதினான்கு பேர் வீட்டில்தான் அந்த மாதிரி போன் இருந்தது. கடைசியில், பள்ளி வராந்தாவில் தள்ளித் தள்ளி உட்காரவைத்துத் தினம் ஒரு மணி நேரம் நானே வந்து எடுக்கிறேன் என்றார். அதற்கு முள் குறுக்கே நின்றது.

எங்கள் ஊருக்குள் வர இரண்டு வழி. ஒன்று சாலவாக்கம் போகும் பஸ் ரோட்டிலிருந்து. இன்னொன்று காலனியிலிருந்து, ஏரிக்கரை வழியாக. ஊரடங்கு தொடங்கியபோது இரண்டு வழியிலும் வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போட்டு, ‘வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது’ என்று அட்டையில் எழுதிக் கட்டினார்கள். பால் வண்டி வர முடியவில்லை என்று பஸ் ரோட்டு முள்ளை ஒரு வாரத்தில் எடுத்துவிட்டார்கள். ஏரிக்கரை முள் அப்படியே இருந்தது. அதைப் போடச் சொன்ன நாலைந்து பேரில் என் அப்பாவும் ஒருவர். அவரை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம்.

பள்ளி எங்கள் பக்கம். வகுப்பில் ஒன்பது பேர் காலனியிலிருந்து வர வேண்டும். என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரும் ஜெனிபர் அவர்களில் ஒருத்தி. அவள் வீட்டில் போனே கிடையாது. மூன்று மாதமாக அவளுக்குப் பாடம் என்று ஒரு வரிகூடப் போய்ச் சேரவில்லை. அந்த ஒரு மணி நேரத்துக்காவது பிள்ளைகளுக்கு வழி விடுங்கள் என்று டீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்து நைனாவிடம் கேட்டார்.

"நோய்நொடி காலம் டீச்சர். நாளைக்கி எதனா ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது? அந்தப் பசங்களுக்கு அங்கியே போயி சொல்லிக் குடுங்க. நாங்க இன்னா வேணான்னா சொல்றோம்?"

"ஒரு வகுப்புக்கு ரெண்டு எடம் கிடையாதுங்க. எல்லாரும் வந்தா எடுக்கறேன். இல்லன்னா யாருக்கும் இல்ல."

காபியைப் பாதியில் வைத்துவிட்டு டீச்சர் ஸ்கூட்டரை எடுத்தார். அம்மாவுக்கு அவர்மேல் கடுங்கோபம். மூன்று மாதத்தில் முதன்முதலாகக் கிடைக்கவிருந்த ஒரு மணி நேர நிம்மதி கைநழுவிப் போயிற்றே என்று. அந்தக் கோபம் ஆறாமல்தான் மறுநாள் போன் செய்து என்னைப் பற்றி முறையிட்டாள்.

அன்று மாலையே குரூப்பில் டீச்சரின் குரல் வந்தது. எல்லாருக்கும் பொதுவான வீட்டுப்பாடம்தான்; ஆனால் எனக்காகவே கொடுத்தது என்று நினைத்துக்கொண்டேன். "ஏழு நாள் பதிவேடு எழுதணும். உங்க ஊருக்குள்ள யாரு வர்றாங்க, எத்தனை மணிக்கு, எந்த வழியா, எதுக்கு. கண்ணால பாத்தத மட்டும் எழுதுங்க. முடிஞ்சதும் போட்டோ எடுத்துக் குரூப்ல போடுங்க."

டீச்சர் தெரிந்தே கொடுத்தாரா என்று இன்றுவரை நான் அவரைக் கேட்டதில்லை.

எங்கள் வீடு தெருவின் கடைசி வீடு. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் பஸ் ரோடும் மறுபக்கம் ஏரிக்கரையும் தெரியும். நைனா கட்டாமல் போட்டுவைத்திருந்த கைக்கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு நீளநோட்டில் கோடு போட்டேன். என் கேள்விகளுக்கு யாரும் பதில் சொல்லாத அந்த மாதங்களில், பார்த்தாலே பதில் வரும் ஒரு வேலை கிடைத்தது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. அம்மாவுக்கும்தான். பக்கத்து வீட்டில் போய், "பொண்ணு மாடியில படிச்சிக்கினு கீது" என்றாள்.

பஸ் ரோட்டு வழியாக வந்தவர்கள்: பால் வண்டிக்காரர், காலையும் மாலையும். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர்கள் இருவர். டி.வி.எஸ். வண்டியில் மீன்காரர், முகக்கவசத்தைத் தாடையில் போட்டிருந்தார். மூன்றாம் நாள் பிற்பகல் 2.10க்குப் பெரியப்பாவின் மகன், அண்ணி, இரண்டு குழந்தைகள், சென்னையிலிருந்து காரில். கண்ணாடியை இறக்கி எனக்குக் கைகாட்டினார்கள். நால்வர் முகத்திலும் கவசம் இல்லை என்று எழுதிக்கொண்டேன்.

ஏரிக்கரை வழியாக யாரும் வர முடியாது, அந்தப் பக்கம் காலியாகவே இருக்கும் என்று நினைத்திருந்தேன். முதல் நாள் காலையே அந்த நினைப்பு தப்பாகிவிட்டது. 6.40க்குப் பதினொரு பெண்கள் முள்ளுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். எங்கள் நிலத்தில் சொர்ணவாரிப் பட்டத்து நெல் நடவு நடந்துகொண்டிருந்தது. அவர்கள் முள்ளைத் தொடவில்லை. நின்றபடியே பேசிக்கொண்டிருந்தார்கள். 6.52க்குப் பங்காளி வீட்டு அண்ணன் ஒருவர் இந்தப் பக்கத்திலிருந்து போய்க் கவைக்கம்பால் முள்ளை இழுத்து வழிவிட்டார். அவர்கள் வந்ததும் மறுபடி தள்ளி மூடினார். சாயங்காலம் 4.15க்குத் திறந்து வெளியே விட்டார். மறுநாளும் அப்படியே. அதனால், ‘முள் திறந்த நேரம்’, ‘முள் மூடிய நேரம்’ என்று இரண்டு கட்டம் புதிதாகப் போட்டேன். நடவாட்களைக் கூட்டிவருபவர் ஜெனிபரின் அம்மா. வரிசையில் எப்போதும் அவர்தான் கடைசியாக உள்ளே வருவார்.

நான்காம் நாள் அவருக்கு முன்னால் ஜெனிபர் வந்தாள்.

மூன்று மாதத்தில் வளர்ந்திருந்தாள். மாடியிலிருந்து கத்திக் கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்துக் கையை ஆட்டினாள். வகுப்புதான் இல்லையே, வீட்டில் சும்மா ஏன் இருக்க வேண்டும் என்று அவள் அம்மா கூட்டிவந்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. நான் எழுதியது இது: ‘6.55. ஜெனிபர், ஏழாம் வகுப்பு. ஏரிக்கரை முள் வழி. நாற்றுக்கட்டு தூக்க. எங்கள் நிலம்.’ ஐந்து, ஆறு, ஏழாம் நாள்களிலும் அதே வரி.

நான்காம் நாள் நைனா சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன்.

"நைனா, ஜெனிபர் வேலைக்கு வந்தா கொரோனா வராதா?"

"வெயில்ல வேல செய்றவங்களுக்கு அதெல்லாம் ஒட்டாது."

"அப்ப வெயில்ல ஒக்காந்து படிச்சா?"

நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா குழம்புச் சட்டியைப் பார்த்தாள். "போ, போயி தம்பிய வூட்டாண்ட கூப்புடு" என்றார் நைனா.

ஏழாம் நாள் மாலை நைனா வயல் மோட்டாரில் குளிக்கப் போயிருந்தார். அவர் போனில் நான்கு பக்கங்களையும் படம் எடுத்துக் குரூப்பில் போட்டேன். எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் போன். வகுப்பில் யார் வீட்டுப்பாடம் போட்டாலும் அப்பாவின் பெயரில்தான் போய் விழும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. டிராக்டர் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டு நைனா நிற்கும் அந்தச் சின்னப் படத்துக்கு நேரே, என் நான்கு பக்கங்களும் வரிசையாகப் போய் நின்றன.

நைனா ஈரத்துண்டோடு வாசலுக்கு வந்தபோது பெரியப்பாவின் அழைப்பு. குரூப்பில் இருந்த யாரோ அவருக்குக் காட்டியிருக்க வேண்டும். போனைக் காதில் வைக்காமலே கேட்டது.

"இன்னாடா, எம் புள்ள எத்தினி மணிக்கு வந்தான்னு குரூப்புல போட்டு வச்சிகிற? மூஞ்சில துணி இல்லன்னு வேற எழுதிகிற? ஊரு மானத்த நீயே ஏலம் வுடறியா?"

"எந்தக் குரூப்பு? நான் இன்னா போட்டேன்?"

பிறகுதான் திறந்து பார்த்தார். நான்கு பக்கங்களையும் நின்றபடியே படித்தார். நான்காம் பக்கத்தில் அதிக நேரம் நின்றார். என்னை அடிப்பார் என்று அம்மா நடுவில் வந்து நின்றாள். அடிக்கவில்லை. படங்களை அழுத்திப் பிடித்தார். எல்லாருக்கும் அழிக்கவா, உனக்கு மட்டும் அழிக்கவா என்று போன் கேட்டது. அவசரத்தில் விரல் பட்ட இடத்தில் அழுத்தினார். படங்கள் மறைந்தன. "போச்சி. இனிமே ஒண்ணும் இல்ல" என்று பெரியப்பாவிடம் சொன்னார். அவருடைய போனில் மட்டும்தான் போயிருந்தது என்பது எனக்குத் தெரியும். என்னை அவர் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் டீச்சர் எழுதியது வந்து விழுந்தது. ‘மிகச் சரியான பதிவு. பத்துக்குப் பத்து. எல்லாரும் படிங்க.’ படித்தார்கள் போலிருக்கிறது. காலனியில் அந்தக் குரூப்பில் இருந்தவை மூன்று போன்கள்தான். மூன்றே போதுமானதாக இருந்திருக்கிறது.

மறுநாள் 6.40க்கு முள்ளுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. அண்ணன் முன்கூட்டியே திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஏழு மணிக்கு நைனா அவரைக் காலனிக்கு அனுப்பினார். அரை மணியில் தனியாகத் திரும்பி வந்தார்.

"வரமாட்டாங்களாம் சித்தப்பா. அந்தப் பொண்ணோட அம்மாவாண்டதான் கேட்டேன். ‘நோய்நொடி காலம், நாங்க உள்ள வந்து உங்க வூட்டுப் பசங்களுக்கு எதனா ஒண்ணு ஆச்சின்னா யாரு பதில் சொல்றது’ன்னு கேக்குது. முள்ளு போட்டா எல்லாத்துக்கும் முள்ளுதானாம். சிரிச்சிக்கினே சொல்லுது."

நைனா டீச்சரிடம் சொன்ன அதே வார்த்தை. நம்மேல் அவர்களுக்கு எவ்வளவு அக்கறை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பாதி நிலம் நட்டிருந்தது. பாதி சேறாகக் கிடந்தது. நாற்றங்காலில் நாற்று ஒவ்வொரு நாளும் முற்றிக்கொண்டிருந்தது. நைனா மானாம்பதிப் பக்கம் ஆள் கேட்டுப் போன் செய்தார். அங்கேயும் நடவு, வருவதற்குப் பஸ்ஸும் இல்லை. இரண்டாம் நாள் நாங்களே இறங்கினோம். நைனா, அம்மா, நான், தம்பி. தம்பி ஒரு தவளையைப் பிடித்துக்கொண்டு கரையேறினான். நாங்கள் நட்ட மூன்று வரிசை, ஏரியில் மாடு நீந்திய தடம்போல் வளைந்து போயிற்று. மதியத்துக்குள் அம்மாவுக்கு இடுப்பு நிமிரவில்லை. "அந்தப் பொம்பளைங்க எப்பிடித்தான் சாய்ந்தரம் வரிக்கும் குனிஞ்சிக்கினு கீறாங்களோ" என்றாள். நைனா நாற்றங்கால் ஓரம் உட்கார்ந்து ஒரு நாற்றைப் பிடுங்கி, அடியில் நகத்தால் கீறிப் பார்த்தார். "இன்னும் ரெண்டு நாளு போனா அவ்ளோதான். மாட்டுக்குத்தான் போடணும்."

ஏழு நாள் முடிந்தும் நான் பதிவேட்டை நிறுத்தவில்லை. ஆள் வராத மூன்றாம் நாள் காலை மாடியில் இருந்தேன். 6.10க்கு நைனா தனியாக ஏரிக்கரைக்குப் போனார். கவைக்கம்பால் முள்ளை இழுத்தார். வழக்கமான அளவுக்கு அல்ல, முழுவதையும். ஒவ்வொரு கிளையாக இழுத்துக் கரைக்குக் கீழே தள்ளினார். அட்டையையும் கழற்றினார். திரும்பி வந்தபோது வலது கையில் மூன்று இடத்தில் இரத்தம். அம்மா மஞ்சள் வைத்தாள். டீச்சருக்குப் போன் செய்யச் சொல்லி, போனை அம்மாவிடமே நீட்டினார். சற்று நேரத்தில், பத்து மணிக்கு எல்லாருக்கும் வகுப்பு என்று குரூப்பில் டீச்சரின் குரல் வந்தது.

7.05க்குப் பதினொரு பெண்கள் வந்தார்கள். அன்று யாரும் நிற்க வேண்டியிருக்கவில்லை. ஜெனிபர் அவர்களோடு வரவில்லை.

பத்து மணிக்கு வந்தாள், தலை பின்னி, பள்ளிச் சீருடையில். பாவாடை ஏறிப்போய் முழங்காலில் நின்றது. டீச்சர் வராந்தாவில் சாக்பீஸால் இருபத்திரண்டு வட்டம் போட்டிருந்தார். நான் ஜெனிபருக்குப் பக்கத்து வட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். சொல்ல வேண்டியதை முகக்கவசத்துக்குள்ளிருந்தே சொன்னேன்.

"எங்க நைனா முள்ள எடுத்துட்டாரு பாத்தியா? நமக்கோசரம்."

"உங்க நைனா எங்க எடுத்தாரு? எங்கம்மா எடுத்துச்சி."

"பொய் சொல்லாதடி. நான் மாடியிலேர்ந்து பாத்தேன். எங்க நைனா கையெல்லாம் ரத்தம்."

அவள் சிரித்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கண்ணால் பார்த்ததை எப்படி விட்டுக்கொடுப்பது? டீச்சர் கரும்பலகையில் தேதி எழுதிக்கொண்டிருந்தார். சாக்பீஸ் சத்தம் நின்றது, ஆனால் அவர் திரும்பவில்லை. நான் குரலை உயர்த்தி, விரலை மடக்கி, ஒவ்வொன்றாக எடுத்துவைத்தேன். அவள் அம்மா இரண்டு நாளாக முள் பக்கமே வரவில்லை. வேலைக்கும் போகவில்லை. வீட்டை விட்டு வெளியே தலைகாட்டக்கூட இல்லை.

"ஒண்ணுமே செய்யாம ஊட்டுல குந்திக்கினு இருந்தவங்க முள்ள எப்பிடிடி எடுப்பாங்க?" என்று கேட்டேன்.