அமீபாவுக்குப் பசி திரும்பிய காலை

ஓசூரில், கான்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவம் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். தண்ணீரிலும் மண்ணிலும் வாழும் ஒரு வகை அமீபா, கண்ணுக்குள் புகுந்தால் கருவிழியையே அரித்துவிடும். ஆய்வகத்திலேயே பாட்டிலில் வளர்க்கும் அமீபாக்களை விட்டு, எங்கள் திரவம் அவற்றைக் கொல்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. ஒவ்வொரு முறையும் கொன்றது. நானும் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன்.

ஒருநாள் ஒரு கண் மருத்துவர் சிறு குப்பி ஒன்றை அனுப்பினார். எங்கள் திரவத்தில் லென்ஸ் கழுவிவந்த, பர்கூரில் படிக்கும் ஒரு மாணவியின் கண்ணிலிருந்து எடுத்த அமீபா. அதை எங்கள் திரவத்தில் விட்டேன். சாகவில்லை. தடித்த ஓட்டுக்குள் சுருண்டுகொண்டு, திரவத்தை நீக்கியதும் மறுபடி ஊர்ந்தது.

மேலாளரிடம் ஓடினேன்.

"பேஷண்ட் கண்ல இருந்து வந்ததை வச்சி நம்ம சரக்கைக் குறை சொல்லாதம்மா," என்றார்.

"குறை நம்ம அமீபா மேல சார். ஒன்பது வருஷமா பாட்டில்ல ஊட்டினதத் தின்னுட்டு உக்காந்திருக்குது. சுருளவும் மறந்துட்ச்சி, தாக்கவும் மறந்துட்ச்சி."

"அப்படின்னா நிரூபிச்சிக் காட்டு."

அந்த ஒன்பது வருடமும் அமீபாக்களுக்கு உணவு மாற்றி வளர்த்தவர் தளியிலிருந்து வரும் ஓர் அக்கா. அவர் முகம் வாடிவிட்டது. "நான் சரியா பாத்துக்கலியாம்மா?"

"ரொம்ப நல்லா பாத்துக்கிட்டீங்கக்கா. அதான் பிரச்சினையே."

அவர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து இருவருமாக இறங்கினோம். கண்ணாடித் தட்டில் கருவிழிச் செல்களை ஒரு மெல்லிய விரிப்பாக வளர்த்து, வேறு உணவில்லாமல் பசித்தால் பழைய குணம் திரும்புமா என்று பார்க்க, அதன்மேல் எங்கள் சாதுவான அமீபாவை விட்டோம். விரிப்பு அப்படியே இருந்தது. அதிலிருந்து பிழைத்தவற்றை எடுத்துப் புதிய விரிப்பில் விட்டோம். பிறகு இன்னொன்றில். நான்காவது தட்டில் பூஞ்சை பிடித்தது. மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினோம். மேலாளர் வழியில் பார்த்தால் "என்னம்மா, கடிச்சிதா?" என்று கேட்டுவிட்டுப் போவார். எரிச்சலாக வரும்.

ஏழாவது தட்டை நுண்ணோக்கியில் வைத்த காலையில் அக்காவை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். விரிப்பெங்கும் ஓட்டைகள்.

"திந்துபிட்டிதே! தின்னுட்ச்சிம்மா!" அவர் கன்னடத்திலும் தமிழிலுமாகக் கத்தியது பேக்கிங் பகுதிவரை கேட்டது.

பசி திரும்பிய அந்த அமீபாவை மேலாளர் கண்முன்னே எங்கள் திரவத்தில் போட்டேன். மாணவியின் அமீபாவைப் போலவே சுருண்டு, தப்பித்து, ஊர்ந்தது. அவர் நெடுநேரம் நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"இத்தன வருஷமா செத்த பாம்பையா அடிச்சிட்டிருந்தோம்?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தப்பு என்னுதும்மா. ஃபார்முலாவை மாத்துவோம்."

அந்த வாரமே பழைய திரவத்தைக் கடைகளுக்கு அனுப்புவதை நிறுத்தினார். இரண்டு கலவைகள் தோற்றன. மூன்றாவது, ஓட்டுக்குள் சுருண்டதையும் சேர்த்துக் கொன்றது. மறுபடி சாதுவாகிவிடாமல் இருக்க, இப்போது எங்கள் அமீபாக்கள் உறைநிலையில் இருக்கின்றன. சோதனைக்கு முன் அவை செல்களை அரிக்கின்றனவா என்று பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவள் நான்.

புதிய திரவம் முதல் லாரியில் ஏறிய அன்று மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார். சிகிச்சையில் மாணவியின் கண் தெளிந்து, அவள் கல்லூரிக்குத் திரும்பிவிட்டாளாம். அக்காவிடம் சொன்னேன். இருவரும் கையுறையைக்கூடக் கழற்றாமல் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.