இடது ஓரத்துப் பித்தளைப் பொத்தான்

பழைய துணியைப் பிரித்து, குறைத்து, கூட்டித் தைத்துக் கொடுக்கும் அந்த டெய்லரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவர் 'கோச்'. அது மரியாதைக்காக வந்த பட்டம் என்று அவர் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார். உண்மையில் அவர் கால்பந்து ஆடியது பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு நாள். அதுவும் ஆள் குறைகிறதே என்று இழுத்துப் போட்டார்கள். அன்று அவர் அடித்த ஒரே கோல் தன் பக்கத்து வலைக்குள் போனது. இந்தக் கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார், அதனால் நான் சொல்வதில் தப்பில்லை.

ஆனால் ஊர் அணியைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அவருடைய எண்ணம். பருவம் தொடங்குவதற்கு முந்தைய வாரங்களில் கடையில் வேலை பாதிதான் நடக்கும். துணி வெட்டும் மேசையில் சாக்கட்டியால் மைதானம் வரைந்துவிடுவார். பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து, பதினொரு பேரைப் பொறுக்கி நிறுத்துவார். பின்வரிசைத் தடியர்கள் இருவரும் ஓவர்கோட்டின் பெரிய கறுப்புப் பொத்தான்கள். நடுவில் ஓடுகிறவர்கள் சட்டைப் பொத்தான்கள். புதிதாக வாங்கி வந்த முன்வரிசை ஆட்டக்காரன் கண்ணாடிப் பொத்தான். "பார்க்கப் பளபளன்னு இருக்கான், ரெண்டு துவைப்புக்குத் தாங்க மாட்டான்" என்பார். இடது ஓரத்தில் மட்டும் எப்போதும் ஒரு பித்தளைப் பொத்தான் நிற்கும். அது ஏழாம் நம்பர். பக்கத்துத் தெருவில் பிறந்து வளர்ந்த பையன், இப்போது முப்பதைத் தாண்டிய ஆள், ஊருக்கே செல்லப்பிள்ளை. மற்ற பொத்தான்கள் வருஷத்துக்கு வருஷம் மாறும், பித்தளை மட்டும் மாறாது.

கோச் சொன்னது எதுவும் பலித்ததில்லை. இந்த வருஷம் கோப்பை நமக்கே என்றால் அணி பட்டியலின் வாலில் கிடக்கும். இந்தக் கோல்கீப்பர் தேற மாட்டான் என்றால் அவன் வருஷக் கடைசியில் விருது வாங்குவான். பக்கத்துக் கடை மெக்கானிக், வண்டி எண்ணெய்க் கையோடு வாசலில் நின்றபடி, "கோச் வாயைத் திறந்துட்டாரா? அப்ப நான் அதுக்கு எதிர்ப்பக்கம்" என்று சொல்லிச் சொல்லியே ஊரில் நல்ல பெயர் எடுத்துவிட்டான். கோச் கோபப்பட மாட்டார். தோற்றதற்கு மழை, நடுவர், புல் என்று காரணம் வைத்திருப்பார். தான் சொன்னது தப்பு என்று மட்டும் ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை.

இந்த வருஷம் அவர் சொன்னது அப்படியே பலித்தது. அன்றிலிருந்துதான் அவரால் தலையைத் தூக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். பருவத் தொடக்க விழாவுக்காகக் கிளப்பில் எல்லா ஆட்டக்காரர்களுக்கும் ஒரே மாதிரி கோட்டும் பேன்ட்டும் தைத்திருந்தார்கள். புது மேனேஜருக்கு எல்லாம் உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும். விழாவில் படம் எடுத்து, அதற்கு மறுநாள் ஒப்பந்தத்தில் கையெழுத்து. ஒரு மதியம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து ஏழாம் நம்பர் உள்ளே வந்தான். கையில் காகிதப் பையில் அந்தப் பேன்ட்.

"அண்ணே, இதுல இடது காலை மட்டும் கொஞ்சம் பிடிக்கணும்."

"ஒரு காலை மட்டுமா? எதுக்கு தம்பி?"

அவன் துணி மாற்றும் இடத்துத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். வலது காலில் கச்சிதமாக நின்ற துணி இடது தொடையில் தொளதொளவென்று தொங்கியது. கோச் மண்டியிட்டு அளவு நாடாவைச் சுற்றினார். ஒரு தடவை பார்த்தார். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தார். வலதைவிட இடது ஒன்றரை இஞ்ச் குறைவு.

"முட்டியில ஒரு சின்ன ஆபரேஷன் அண்ணே. லீவுல வெளியூர் போய்ப் பண்ணிக்கிட்டேன். சதை வத்திப்போச்சு. திரும்ப வந்துடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு, தினமும் பயிற்சி பண்றேன். மேனேஜருக்கு இன்னும் தெரியாது. கையெழுத்து ஆகிட்டா அப்புறம் நானே சொல்லிடுவேன்." கண்ணாடியில் அவன் தன் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். "வீட்டுக்காரிக்குத் தெரியும். இப்ப உங்களுக்குத் தெரியும்."

"என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வராது தம்பி" என்றார் கோச். அப்போது அதை மனதாரத்தான் சொன்னார். பின்னால் காஜா போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி தலையை நிமிர்த்தி ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

அந்த வார விடுமுறை நாளில் வழக்கம்போல் கூட்டம் கூடியது. மெக்கானிக், அவனோடு நாலைந்து பேர். மேசையில் மைதானம், பொத்தான்கள். கோச் கோல்கீப்பரைத் திட்டினார், தடியர்களைப் பாராட்டினார், கண்ணாடிப் பொத்தானை நக்கல் அடித்தார். எல்லாவற்றுக்கும் சிரிப்புதான் பதில். இடது ஓரத்துக்கு வந்தபோது அவர் கை கொஞ்சம் தயங்கியது. பித்தளைப் பொத்தானை எடுத்தார். எடுத்தவர் கீழே வைக்கவில்லை.

"என்ன கோச், ஏழாம் நம்பரையே தூக்கிட்டே?"

"இந்த வருஷம் அவன் தேற மாட்டான்."

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. மெக்கானிக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தான். "அப்ப இந்த வருஷம் அவன்தான் அதிக கோல்! கோச்சே சொல்லிட்டாரு! அட, அந்தக் காலை நீ தூரத்துலேருந்தாவது பார்த்திருக்கியாய்யா?"

அங்கேதான் அவருக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷச் சிரிப்பையும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்ட மனுஷனுக்கு, கையில் ஒரு நிஜத்தை வைத்துக்கொண்டு வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"பார்த்திருக்கியாவா? இந்தக் கையால அளந்திருக்கேன். இடது தொடை வலதைவிட ஒன்றரை இஞ்ச் கம்மி. அந்தக் காலை வச்சு அவன் எங்க ஓடுறது?"

சிரிப்பு நின்றது. பின்னாலிருந்த தையல் மெஷினும் நின்றது. இத்தனை பேரும் தன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பது கோச்சுக்கு வாழ்க்கையில் முதல் அனுபவம். அந்தச் சுகம் நீங்கள் ஒரு வாய் டீ குடிக்கும் நேரம்கூட நிற்கவில்லை. வார்த்தையைத் திரும்ப அள்ளி வாயில் போட்டுக்கொள்ள முடியுமா என்பதுபோல் அவர் உதட்டைக் கடித்தார். "இது நமக்குள்ள இருக்கட்டும்" என்றார். மெக்கானிக் அதற்குள் போனை எடுத்துவிட்டான்.

ரசிகர்கள் குழுவில் அது சாயங்காலத்துக்குள் பரவிவிட்டது. அடுத்த நாள் கிளப் டாக்டர் ஏழாம் நம்பரைக் கூப்பிட்டு உட்கார வைத்து அளந்தார். வாரக் கடைசியில் அணி அறிவிப்பு வந்தது. இடது ஓரத்தில் யாரோ வெளியூர்ப் பையன் பெயர் இருந்தது.

தெருவே கோச்சைக் கொண்டாடியது. டீக்கடைக்காரர் எழுந்து இடம் கொடுத்தார். முன்பின் தெரியாதவர்கள் கடைக்குள் எட்டிப் பார்த்து, "மத்தவங்க எப்படி கோச், இந்த வருஷம்?" என்று நிஜமாகவே கருத்துக் கேட்டார்கள். கேட்கக் கேட்க அவர் கூனிக் குறுகிப் போனார். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று சொல்லி மெஷினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். டீ குடிக்கப் போவதையே நிறுத்திவிட்டார். கண்ணாடி இருக்கும் பக்கம் பார்க்காமலே கடைக்குள் நடந்தார்.

மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் அவரைத் தின்றது. கடைசியில் அவரே ஆரம்பித்தார்.

"ஒரு விதத்துல பார்த்தா டீமுக்கு நல்லதுதானே. அடிபட்ட காலோட ஒருத்தன் உள்ள வந்து..."

"டீமுக்காகவா சொன்னீங்க?" அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். "அந்த மெக்கானிக் சிரிச்சதுக்காகச் சொன்னீங்க."

அவர் அளவு நாடாவை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தார்.

"கட்டிக்கப்போற பொண்ணு, புள்ளை பெத்தவ, நோயில கிடந்து எந்திரிச்சவர்னு எல்லாரும் நம்ம திரைக்குப் பின்னாடிதான் துணியை மாத்துறாங்க. நான் எத்தனை பேருக்கு எத்தனை அளவு எடுத்திருக்கேன். உங்ககிட்டகூட சொன்னதில்லை." நூலைப் பல்லால் கடித்தாள். "இனிமே யாருங்க நம்பி உள்ள வருவா?"

பித்தளைப் பொத்தான் அன்று எடுத்த கையோடு அவர் சட்டைப் பையில் போயிருந்தது. டப்பாவில் போடவும் மனசு வரவில்லை, மேசையில் வைக்கவும் முகம் இல்லை. சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைத்துக்கொண்டார். குனிந்தால் நெஞ்சில் இடித்தது.

விழா முடிந்து சில வாரம் கழித்து ஏழாம் நம்பர் வந்தான். பேன்ட் அலமாரியில் அப்படியே இருந்தது. விழாவுக்குத்தான் அவனை யாரும் கூப்பிடவில்லையே.

"வாங்க தம்பி" என்றார் கோச். எழுந்து அலமாரியிலிருந்து பேன்ட்டை எடுத்தார்.

"பிடிச்சதைப் பிரிச்சுக் குடுத்துடுங்கண்ணே. இனிமே எதுக்கு?"

அவர் பிளேடை எடுத்துத் தான் போட்ட தையலைத் தானே பிரிக்க ஆரம்பித்தார். நல்ல தையல், நெருக்கமாகப் போட்டிருந்தார். பிரிக்க நேரமானது. ஏழாம் நம்பர் மேசையருகே நின்றான். அழித்தும் அழியாத சாக்கட்டிக் கோடுகள், அங்கங்கே பொத்தான்கள்.

"இதுதான் உங்க டீமா? நிறையக் கேள்விப்பட்டிருக்கேன். இதுல நான் யாரு?"

கோச்சின் பிளேடு நின்றது. இடது ஓரம் காலியாக இருந்தது. "துணி விரிக்கும்போது உருண்டு எங்கயோ விழுந்துடுச்சு தம்பி" என்றார். பின்னால் மெஷின் ஓடுவது நின்றது. மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. மெஷின் மட்டும் நின்றது. அந்த அமைதியில் தான் சொன்ன பொய் தன் காதிலேயே விழுந்து, கோச்சுக்கு உடம்பு கூசியது.

சட்டைப் பையில் கையை விட்டுப் பித்தளைப் பொத்தானை எடுத்து மேசையில் வைத்தார்.

"நான்தான் சொன்னேன் தம்பி. நான்தான் எடுத்தேன்."

"தெரியும்ணே."

கோச் நிமிர்ந்தார்.

"மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, 'தொடை ஒன்றரை இஞ்ச் கம்மியாமே'ன்னு கேட்டாரு. டாக்டருங்க யாரும் இஞ்ச்ல பேச மாட்டாங்கண்ணே. எனக்கு இஞ்ச்ல அளவு எடுத்தது நீங்க ஒருத்தர்தான்."

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் கோச் பிழைத்திருப்பார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார், வாய்தான் இத்தனைக்கும் காரணம் என்று தோன்றியதும் மூடிக்கொண்டார். பிரித்த பேன்ட்டை இரு கையாலும் நீட்டினார். ஏழாம் நம்பர் வாங்கிக்கொண்டு துணி மாற்றும் இடத்துக்குப் போனான். இந்த முறை திரையை இழுக்கவில்லை.

பார்க்கக் கூடாது என்று கோச் தரையைப் பார்த்தார். ஆனால் அளவெடுத்துப் பழகிய கண் அது, அவர் சொன்னபடி கேட்கவில்லை. பேன்ட்டைப் போட்டுக்கொண்டு அவன் கண்ணாடி முன்னால் நின்றபோது இடது தொடையில் துணி முன்போல் தொங்கவில்லை. நாடா வைக்காமலே அவருக்குத் தெரிந்தது. அரை இஞ்ச்கூட வித்தியாசம் இருக்காது.

"நிறைஞ்சுக்கிட்டு வருதுண்ணே" என்றான் அவன், கண்ணாடியைப் பார்த்தபடி. "மூணாவது மேட்ச்சுக்கெல்லாம் ஓடியிருப்பேன்."

"இனிமே?"

"மச்சான் ஹார்டுவேர் கடையில நிக்கச் சொல்லியிருக்காரு. இந்த வயசுல வெளிய போட்டவனை வேற யாரு கூப்பிடுறா?" வரும்போது போட்டிருந்த பேன்ட்டைக் காகிதப் பையில் மடித்து வைத்தான். மேசையைத் தாண்டும்போது பித்தளைப் பொத்தானைப் பார்த்தான், தொடவில்லை. கோச்சின் மனைவியிடம், "வர்றேங்க அக்கா" என்றான். கோச்சிடம் ஒன்றும் சொல்லவில்லை. படியில் இறங்கி, இரண்டு காலும் ஒரே மாதிரி ஊன்றி நடந்து போனான்.

கோச் அவன் பின்னாலேயே வாசல் வரை வந்தார். அதற்கு மேல் கால் வரவில்லை. பக்கத்துக் கடையில் மெக்கானிக் ஒரு வண்டியைப் படுக்க வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் அதே நாலைந்து பேர். எல்லோரும் நடந்து போகிறவன் முதுகைப் பார்த்தார்கள், பிறகு கோச்சைப் பார்த்தார்கள்.

"என்ன கோச், அடுத்தது யாரைத் தூக்கப்போறீங்க?" என்றான் மெக்கானிக், இப்போது மரியாதையோடு.

"நான் சொன்னது தப்பு" என்றார் கோச். அவர் வாயில் அந்த வார்த்தை வருவது அதுதான் முதல் தடவை. "அவன் கால் நல்லா இருக்கு. இந்த வருஷம் அவன் ஆடியிருப்பான். நான் சொன்னது தப்புய்யா."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மெக்கானிக் சிரிக்க ஆரம்பித்தான், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"யோவ் கோச், வாழ்க்கையிலயே அந்த ஒண்ணைத்தான்யா நீ சரியாச் சொன்னே, அதையும் போய்த் தப்புங்கிறியே!"