கேஸுன்னு மட்டும் சொல்லாத

எண்ணூரில் எங்கள் தெருக்களில் ‘கேஸ்’ என்றால் அடுப்புச் சிலிண்டராக இருக்கலாம். கம்பெனிப் பக்கமிருந்து காற்றில் வரும் நாற்றமாக இருக்கலாம். வயிற்றில் சேர்ந்த வாயுவாகவும் இருக்கலாம். எது என்று யாரும் விளக்குவதில்லை. சொல்கிறவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வோம்.

வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுப்பது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைத் துப்பட்டாவால் மூடமாட்டேன். ஆனாலும் தெருவில் எனக்கு ‘மாத்திர’ என்றுதான் பெயர்.

அன்று காலை வெளியே வந்ததுமே கண் எரிந்தது. மீன் விற்கும் அத்தை வாசற்படியில் சுவரோடு சாய்ந்திருந்தார். சொந்தம் இல்லை, தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். பக்கத்தில் காலிக் கூடை.

“இன்னா அத்த, யாவாரத்துக்குப் போவல?”

“கேஸும்மே. நெஞ்ச அடைச்சிகினு கீது. உங்க மாமா சோடா வாங்கியாரப் போயிருக்காரு.”

பக்கத்து வீட்டுக்காரி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே சிரித்தாள். “ஊருக்கே நெஞ்சு அடைக்குது. இவங்களுக்கு மட்டும் இன்னா புச்சா? மாத்திர, நீ போய் உன் வேலயப் பாரு.”

அத்தையின் கையைப் பிடித்தேன். சில்லென்று ஈரமாக இருந்தது. ரவிக்கை முதுகு முழுக்க நனைந்திருந்தது. இடது கை வலிக்கிறதா என்று கேட்டேன்.

“கூட தூக்குற கை வலிக்காம இன்னா பண்ணும்?”

பிரஷர் கருவியில் வந்த எண்ணைப் பார்த்ததும் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். தெருமுனை ஆட்டோவைக் கூப்பிட்டதும் அத்தை என் கையை உதறினார்.

“ஆஸ்பத்திரிக்கா? நான் வரல. போன தபா நாள் பூரா குந்தவச்சி, ஒரு மாத்திரயக் குட்த்து அனுப்சாங்க.”

“அங்க போய் இன்னான்னு சொன்ன?”

“கேஸுன்னுதான். வேற இன்னா சொல்றது?”

கிட்டத்தட்டத் தூக்கித்தான் அவரை ஆட்டோவில் ஏற்றினேன். இரண்டு பக்கமும் லாரிச் சுவர். ஆட்டோக்காரர் சந்து தேடித் தேடி நுழைத்தார். அத்தையின் தலை என் தோளில் கனத்துக்கொண்டே வந்தது.

“அத்த, கண்ணத் தொற. அங்க போய் கேஸுன்னு மட்டும் சொல்லாத. நெஞ்சு வலி, கைல எறங்குது, வேர்க்குதுன்னு சொல்லு.”

“பொய் சொல்லச் சொல்றியாமே?”

“வலிக்குதா இல்லியா?”

அத்தை இடது கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவசரப் பிரிவு வாசலில் இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்: “என்னம்மா?”

“கே…” என்றார் அத்தை. நான் அவர் விரல்களை நெரித்தேன்.

“நெஞ்சு வலிம்மா. கைல எறங்குது.”

அந்தப் பெண் நிமிர்ந்தாள். சக்கர நாற்காலி வந்தது. இசிஜி எடுத்த தாளைப் பார்த்த டாக்டர், “ஹார்ட் அட்டாக்” என்று சொல்லிவிட்டுத் தானே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

அத்தை நாற்காலியிலிருந்து திரும்பிக் கத்தினார்: “மாத்திர, மீன் கூட வாசல்லயே கீது! நாயி இஸ்துகினு பூடும், எட்த்து உள்ள வைக்கச் சொல்லு!”

கதவு மூடியது. என் போன் அடித்தது. மாமா.

“எங்கமே இட்டுகினு போன அவள? சோடா வாங்கினு வந்து நிக்கிறேன். கேஸ்தான?”

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ ஓடினார்கள்.

“இல்ல மாமா. ஹார்ட்டு. உடனே கெளம்பி வாங்க.”

போனில் அவருக்குப் பின்னாலிருந்து பக்கத்து வீட்டுக்காரியின் குரல் கேட்டது: “இன்னாவாம்? கேஸாமா?”