அன்னதானத்தோடு கொடுத்த சிடி

என் பெரியப்பா மகனை நல்லவர் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும். என்னைக் கேட்டால் வேறு சொல்வேன்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அவர் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். எம்.சி.ஏ. முடித்த நான் கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அங்கே உட்கார்ந்திருப்பேன். வெளிநாட்டுக்காரர்களுக்குப் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பதும், நெட் வரவில்லை என்றால் ஓடுவதும் வேலை. தப்பிக்க எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. லினக்ஸ் மென்பொருள்களைத் தொகுத்துத் தரும் குழு ஒன்று இணையத்தில் இருந்தது. பாட்டு, பஜனைப் பதிவுகளைச் சின்ன ஃபைலாகச் சுருக்கும் ஒரு என்கோடரை, யாரும் எளிதாக நிறுவிக்கொள்ளும்படி அவர்களுக்காகப் பேக்கேஜ் செய்துகொண்டிருந்தேன். என்னைப் பொறுப்பாளராகச் சேர்த்துக்கொண்டால், குழுவின் மூத்தவர் வேலை பார்த்த பெங்களூர்க் கம்பெனியில் எனக்கும் வேலை என்று பேச்சு.

அந்த என்கோடரில் ஒரு வில்லங்கம் இருந்தது. அது இரண்டு பகுதி. யாரும் மாற்றலாம், கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம், என்னோடு சேரும் எதற்கும் இதே உரிமை இருக்க வேண்டும் என்றது முதல் பகுதியின் லைசென்ஸ். விற்கக் கூடாது என்றது மற்றதன் லைசென்ஸ். தனித்தனியாக இரண்டும் சாது. சேர்த்து இன்னொருவர் கையில் கொடுத்தால் தப்பு. அவரவர் மெஷினில் அவரவரே சேர்த்துக்கொண்டால் கேள்வி இல்லை. அதனால் என் பேக்கேஜில் செய்முறை மட்டும்தான் இருந்தது. வேண்டியவர்கள் இரண்டையும் இறக்கித் தாங்களே கம்பைல் செய்து, ஓடும் மென்பொருளாக ஆக்கிக்கொள்ள வேண்டும்.

அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. “அரிசியும் பருப்பும் குடுத்து நீயே பொங்கித் துன்னுக்கோன்னா நல்லாவா இருக்குது?” என்பார்.

பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில் சாம்பார் சாதம் கொடுப்பவர் அவர். ஒரு பௌர்ணமிக்கு நான் வீட்டோடு இருந்துவிட்டேன். கடையில் என் மெஷினில் எனக்காக நான் கம்பைல் செய்து வைத்திருந்ததை அண்ணன் அப்படியே எடுத்து, சிடிகளில் ரைட் பண்ணி, தொன்னையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். ஒவ்வொன்றிலும் என் பெயர், குழுவின் பெயர். காவி கட்டிய சாமியார்கள்கூட வாங்கிக்கொண்டார்களாம். வாங்கிய வெளிநாட்டுக்காரர் ஒருவர் நல்ல மனசோடு அதை இணையத்தில் ஏற்றி எனக்கு நன்றியும் எழுதினார்.

குழு அதைப் பார்த்து, என்னைச் சேர்ப்பதை நிறுத்தி வைத்தது. நான் இல்லை, என் அண்ணன் என்று எழுதினேன். அப்படியானால் அவரே எழுதட்டும், இனி கொடுக்க மாட்டேன் என்றும் சொல்லட்டும், உன்னைச் சேர்த்துக்கொள்கிறோம் என்றார் மூத்தவர்.

“ஒரே ஒரு வரிண்ணா. தெரியாம பண்ணிட்டேன், இனிமே குடுக்க மாட்டேன்னு எழுதுங்கண்ணா.”

“நாம இன்னா வித்தோமா பாப்பா? ஃப்ரீயாதான குடுத்தோம்?”

“விக்கறது இல்லண்ணா விஷயம். வாங்கினவங்க வித்துக்கலாம்னு ஒண்ணு சொல்லுது, கூடாதுன்னு இன்னொண்ணு சொல்லுது. சேத்துக் குடுத்தா ரெண்டு பேரையும் ஏமாத்தறோம்.”

“மலை சுத்தறவங்களுக்குக் குடுத்ததைப் போய்த் தப்புன்னு என் வாயால சொல்றதா?”

அழுதுவிட்டேன். கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள், வெட்கம் பார்க்கவில்லை. அவர் இளகிவிட்டார். “சரி, அழாத. நான் எழுதறேன். நீ போய் டீ குடிச்சிட்டு வா.”

குடித்துவிட்டு வந்தேன். அனுப்பியே விட்டிருந்தார். தமக்குத் தெரிந்த இங்கிலீஷில் பெருமையாக எழுதியிருந்தார்: நானும் என் தங்கையும் பக்தர்களுக்கு இதை இலவசமாகத் தருகிறோம், அண்ணாமலையார் அருளால் இனி ஒவ்வொரு பௌர்ணமிக்கும் தருவோம், தங்கைக்கு வேலை கொடுத்து ஆசீர்வதியுங்கள்.

மறுநாளே குழு என் பெயரை எடுத்துவிட்டது. பெங்களூரிலிருந்து பதிலே இல்லை. “இவ்ளோ அழகா எழுதினேன், மதிக்கலை பாத்தியா” என்று அண்ணன் எனக்காக வருத்தப்பட்டார். அவரை அறையக் கை துடித்தது. அந்த அளவு வெறுப்பு அதற்குப் பிறகு எனக்கு யார்மேலும் வந்ததில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு முந்தின நாள், புது சிடிக் கட்டை என் மேஜைமேல் வைத்தார்.

“உன் கையாலயே போடு பாப்பா. புண்ணியம் உனக்கே சேரட்டும்.”

வேறு எங்கே போவேன்? உட்கார்ந்து போட்டுக் கொடுத்தேன்.