வால் துண்டு

1987 மார்ச் 14, சனிக்கிழமை. ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் எங்களுக்கு அது வழக்கமான சனிக்கிழமைதான். காலையில் பசாரில் மீனும் காய்கறியும் வாங்குவது, பிறகு துணி துவைத்தல், மதியம் கணவரின் சட்டைகளுக்கு இஸ்திரி, மாலையில் தெங்கிரி மீன் குழம்பு. வீட்டில் நாங்கள் நான்கு பேர்: கணவர், மாமியார், கணவரின் தம்பி, நான். மூவரும் சாப்பிட்டு எழுந்தபின், என் பங்கை மூடிவைத்துவிட்டு அடுப்பு மேடையைத் துடைத்தேன். சமையலறை சுத்தமான பிறகுதான் நான் சாப்பிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

அதற்குள் தொலைக்காட்சியில் தமிழ் நாடகம் தொடங்கிவிட்டது. வாடகை கொடுக்க முடியாமல் தெருவுக்கு வந்த ஒரு பெண், மூடிய கடை முன்னால் அட்டைப்பெட்டியை விரித்துப் படுக்கிறாள். சாரல் அடிக்கிறது. மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "ஐயோ, நனையுறாளே பாவி!"

"நடிப்புலா அம்மா," என்று கொழுந்தன் சிரித்தார்.

கணவர் சிரிக்கவில்லை. திரையையே பார்த்தபடி, "காலையிலேருந்து எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டா போல," என்றார்.

எனக்குச் சுரீரென்றது. துடைக்கும் துணியோடு அவருக்குப் பின்னால்தான் நிற்கிறேன். என்னை ஒரு நாள்கூட 'சாப்பிட்டியா' என்று கேட்காதவர், திரைக்குள் இருக்கும் ஒருத்திக்காகக் கவலைப்படுகிறார். அவளுக்கு நெற்றியில் விழுந்த முடிகூட அழகாக இருந்தது. வீடில்லாதவள் புருவத்தை இவ்வளவு ஒழுங்காகத் திருத்துவாளா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்.

நாடகம் முடிந்ததும் கணவர் எழுந்தார். "நம்ம பசார் முன்னாலயும் ஒரு அம்மா படுத்திருப்பாங்கல்ல?" என்றவர், சமையலறைக்குள் போய், மூடிவைத்திருந்த சோற்றையும் குழம்பையும் தாமே பொட்டலம் கட்டினார். அவர் சமையலறையில் ஒரு பாத்திரத்தைத் திறந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அது யாருடைய சாப்பாடு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பொறாமை வாயை அடைத்துவிட்டது. "நீயும் வா," என்றார். நடந்தோம்.

அந்த அம்மா சாத்திய கடையோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். நாடகத்துப் பெண்ணைப் போல அழவில்லை. பொட்டலத்தைப் பிரித்துத் தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தார். தீய்ந்த அடிச்சோறு, மேலே மீனின் வால் துண்டு. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது சமைச்சவ பங்குலா. நீ சாப்பிட்டியா தங்கச்சி?"

தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

"பொய் சொல்லக்கூடத் தெரியல," என்று சிரித்துவிட்டு, பொட்டலத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் இழுத்து வைத்தார். "உக்காரு. தம்பி, நீங்க சாப்பிட்டாச்சுதானே? அப்போ நில்லுங்க."

கணவர் நின்றார். நாங்கள் சாப்பிட்டோம்.

திரும்பி வரும்போது, "ஏன் சொல்லல?" என்றார்.

"நீங்க கேக்கல," என்றேன்.

அந்த நடிகைமேல் எனக்கு இன்றும் கொஞ்சம் பொறாமை உண்டு. ஆனால் 'சாப்பிட்டியா' என்று என்னைக் கேட்க வீடில்லாத ஒருவர் வேண்டியிருந்தது.

அன்றைக்கு மறுநாள் காலை முதல் வேலையாகப் பசாருக்குப் போய், மீன்காரரிடம் எல்லாம் நடுத்துண்டாகவே ஐந்து வெட்டச் சொன்னேன்.